கொடைக்கானல் பாசிக்கு ஐரோப்பியப் பேர் எதுக்கு?

போன மாசம் நாங்க நாலு பேர் கொடைக்கானல் போயிருந்தோம். மத்த மூணு பேரும் போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தப்ப, நான் தங்கியிருந்த வீட்டுக்குப் பின்னாடி ஓடுற சின்ன ஓடையில கல்லை எடுத்து பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். "என்ன மச்சி, மலைக்குப் பல்லு வெளக்கி விடறியா?"ன்னு ஒருத்தன் கேட்டான். ஆமான்னு சொல்லிட்டு, வந்த பழுப்பு வழவழப்பை டப்பாவுல அடைச்சேன்.

அந்த வழவழப்புல இருக்கறதுதான் டயாட்டம். ஒரே ஒரு செல் கொண்ட பாசி. தன்னைச் சுத்தி சிலிக்காவால, அதாவது கண்ணாடியோட மூலப்பொருளால, சோப்பு டப்பா மாதிரி மூடி போட்ட ஓடு கட்டிக்கும். உலகத்துல உற்பத்தியாகற ஆக்ஸிஜன்ல சுமார் அஞ்சுல ஒரு பங்கு இதுங்க தர்றதுதான். அந்த ஓட்டுல இருக்கற கோடுகளை எண்ணித்தான் எந்த இனம்னு பிரிக்கறாங்க.

லேபுக்கு வந்து அமிலத்துல கொதிக்க வச்சு, ஸ்லைடு போட்டு, 1000 மடங்குல பார்த்தேன். கோம்ஃபோனீமா பேரினம்னு தெரிஞ்சுது. எந்த இனம்? இருந்த புத்தகம் ஐரோப்பிய டயாட்டங்களைப் பத்தினது. ஒரு படம் 'கிட்டத்தட்ட' ஒத்துப்போச்சு. ஆனா 10 மைக்ரானுக்கு எத்தனை கோடுங்கற கணக்கு உதைச்சுது. "பரவால்ல, அந்தப் பேரையே எழுது, ரெக்கார்டுல கையெழுத்து வேணுமா வேணாமா?"ன்னு அறிவுரை வந்துச்சு. எழுதிட்டேன். அந்தக் கடுப்புலதான் இதை எழுதறேன்.

நான் புது இனம் கண்டுபிடிச்சுட்டேன்னு சொல்ல வரலை. ஒரே ஒரு ஸ்லைடை வச்சு அப்படிச் சொன்னா அது புருடா. என் கேள்வி வேற. பொருந்தாத பேரை எதுக்கு ஒட்டணும்?

இந்தப் பழக்கத்துக்குப் பின்னாடி ஒரு நம்பிக்கை இருக்கு. நுண்ணுயிர்கள் எல்லா இடத்துலயும் பரவியிருக்கும், எது வளரணும்னு சூழல்தான் தீர்மானிக்கும்னு 1934-ல பாஸ் பெக்கிங் எழுதினார். அப்படின்னா ஜெர்மனி ஓடையில இருக்கறதேதான் நம்ம ஓடையிலயும் இருக்கணும், இல்லையா? இல்லைன்னு காட்டினவங்க நம்ம ஊர்லயே இருக்காங்க. எச்.பி. காந்தி 1950-களில் இருந்து இந்திய நன்னீர் டயாட்டங்களைக் கையால வரைஞ்சு, புது இனங்களுக்குப் பேர் வச்சார். 2011-ல கார்த்திக், அமெரிக்காவைச் சேர்ந்த கோசியோலெக் குழு, மேற்குத் தொடர்ச்சி மலையில இருந்து புது கோம்ஃபோனீமா இனங்களை விவரிச்சாங்க. அதுல ஒண்ணுக்கு காந்தி பேரையே வச்சாங்க: கோம்ஃபோனீமா காந்தியை. நம்ம பழனி மலையும் அதே தொடர்ச்சி மலையோட கிழக்குக் கிளைதானே?

புது இனத்தை விவரிக்கறது சும்மா பேர் சூட்டு விழா இல்லை. நூத்துக்கணக்குல ஓடுகளை அளக்கணும், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல படம் எடுக்கணும், ஏற்கனவே பேர் வச்ச உறவுக்கார இனங்களோட ஒப்பிடணும், மாதிரி ஸ்லைடை மத்தவங்க சரிபார்க்கற மாதிரி ஒரு சேமிப்பகத்துல வைக்கணும். 2011 வரைக்கும் லத்தீன்ல வேற எழுதணும். 2012-ல இருந்துதான் ஆங்கிலம் போதும்னு ஆச்சு.

"இதெல்லாம் சோறு போடுமா?"ன்னு கேக்கறவங்களுக்கு: சோறு தெரியாது, தண்ணிக்கு உதவும். சில இனம் சுத்தமான தண்ணியில மட்டும் வாழும், சிலது சாக்கடையிலயும் செழிக்கும். எது எவ்வளவு இருக்குன்னு எண்ணி தண்ணியோட தரத்தைச் சொல்ற முறை ஐரோப்பாவுல நடைமுறையில இருக்கு. அங்க உள்ள இனத்தோட பேரை இங்க உள்ளதுக்கு ஒட்டினா, அதோட மதிப்பெண்ணும் சேர்ந்து ஒட்டிக்கும். கெட்ட தண்ணி நல்ல தண்ணின்னு பாஸாகும்.

கொடைக்கானல் ஏரி 1863-ல லெவிஞ்ச் கட்டினது. டயாட்டம் செத்தாலும் ஓடு சேத்துல தங்கும். அந்த ஏரிச் சேறு ஒரு பழைய நாட்குறிப்பு மாதிரி. புல்வெளியை யூகலிப்டஸும் பைனும் சீகை மரமும் மூடினதையும், 2001-ல மூடின தெர்மாமீட்டர் தொழிற்சாலையோட பாதரசத்தையும் இந்த மலை பார்த்துடுச்சு. பாதரசம் எவ்வளவுன்னு கருவி சொல்லிடும். அது எந்த உயிரை விரட்டுச்சுன்னு கேக்கணும்னா, முன்னாடி யார் குடியிருந்தாங்கன்னு தெரியணும். பூக்கும் செடிகளுக்கு அந்தக் கணக்கை கே.எம். மேத்யூ பாதிரியார் 1999-ல 'பழனி மலைத் தாவரங்கள்'னு ஆங்கிலத்துல தொகுதி தொகுதியா போட்டுட்டார். பாசிக்கு யார் போடறது?

நம்மால உடனே புது இனம் விவரிக்க முடியாது, சரி. ஆனா 'கோம்ஃபோனீமா, இனம் தெரியவில்லை'ன்னு எழுதலாம்ல? ஸ்லைடைத் தூக்கிப் போடாம, இடமும் தேதியும் எழுதி வைக்கலாம்ல? பத்து வருஷம் கழிச்சு வர்றவனுக்கு அது உதவும். பொய்ப் பேர் உதவாது.

நேத்து என் ரெக்கார்டுல அந்தப் பேரை அடிச்சுட்டேன். கையெழுத்து இன்னும் வரலை :-)