தாழ்ந்த குரலுக்கும் மேடை வேண்டும்

ஒரகடத்தில் இரவு ஷிப்ட் முடித்து வரும் என் அண்ணன், வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் ஜன்னலைச் சாத்துவார். இயந்திர ஓசையும் லாரி ஓசையும் கேட்டுக் கேட்டுக் களைத்த காது அவருடையது. சென்ற ஆண்டு நம் கல்லூரி விழாவுக்கு அவரை அழைத்து வந்தேன். ஒலிபெருக்கியின் முழக்கம் தாளாமல் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

நண்பர்களே, இசை என்றால் இரைச்சலா?

ஒலிவாங்கி இல்லாத நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பா உச்சக் குரலில் பாடினார். கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமே! ஒலிவாங்கி வந்தபின் மெல்லிய குரலுக்கும் வாழ்வு வந்தது. பிரேசில் நாட்டில் 1958-இல் ஜோவோ ஜில்பெர்ட்டோ, சாம்பா தாளத்தோடு ஜாஸ் இசையின் சாயலைக் குழைத்து, கையில் கிதாருடன் காதோடு பேசுவதுபோல் இசைத்தட்டில் பாடினார். 'போசா நோவா' என்பது அதுதான். மறு ஆண்டே இங்கு 'கல்யாணப் பரிசு' படத்தில் ஏ. எம். ராஜா தாமே இசையமைத்து, மென்மையாகப் பாடி மக்கள் மனத்தைக் கவர்ந்தார்.

இதெல்லாம் அந்நிய இசை என்பார் சிலர். 1964-இல் வந்த 'புதிய பறவை'யில் பி. சுசீலா பாடிய விடுதிப் பாட்டை இன்றும் ரசிக்கும் நாம் அப்படிச் சொல்லலாமா?

தாழ்ந்த குரலைக் காதில் சேர்க்க வந்த கருவியைக் கொண்டே நாம் அதை அமுக்குகிறோம். அடுத்த விழாவில் அரைமணி நேரம் தாருங்கள். ஒரு கிதார், அடக்கி வாசிக்கும் டிரம்ஸ், பழைய பாடல்கள் போதும். "குரல் பத்தாது" என்று ஒதுக்கப்பட்டவர்கள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள், அவர்கள் பாடட்டும். பேராசிரியப் பெருமக்கள் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

அண்ணனை நான் மறுபடி அழைத்து வருகிறேன்.