ரெட் அலர்ட் மட்டும் போதுமா? ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிக்கு காலநிலை ஆய்வு கைகொடுப்பது எப்படி?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஆவடியில் ஒரே நாளில் 28 செ.மீ. மழை கொட்டியது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெள்ளம் புகுந்து சிறு நிறுவனங்களின் இயந்திரங்கள் மூழ்கின. கனமழை எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. அப்புறம் ஏன் இந்த நிலை?

அதிகாரிக்கு என்ன தேவை?

ரெட் அலர்ட் மாவட்டத்துக்கு வருகிறது. தண்ணீர் தெருவுக்கு வருகிறது. எந்தத் தெரு, எத்தனை அடி, எத்தனை மணிக்கு என்று தெரிந்தால்தான் மோட்டாரை எங்கே வைப்பது, யாரை முதலில் வெளியேற்றுவது என்று முடிவெடுக்க முடியும்.

2015 சொன்ன பாடம்

2015 டிசம்பர் 1-ம் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அடையாறு கரை தாண்டியது. நீர்த்திறப்பைக் கையாண்ட விதத்தை சிஏஜி அறிக்கை பின்னர் கடுமையாக விமர்சித்தது.

அதன் பிறகுதான் ஐஐடி பாம்பே, ஐஐடி மெட்ராஸ், அண்ணா பல்கலைக்கழகம் உள்ளிட்டவை சேர்ந்து 'சி-ஃப்ளோஸ்' வெள்ள முன்னறிவிப்பு முறையை உருவாக்கின. பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் இதை இயக்குகிறது. மழை, ஏரி நீர்த்திறப்பு, ஆற்று ஓட்டம், கடல் அலை ஏற்றம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, எந்தப் பகுதியில் தண்ணீர் தேங்கும் என்று வரைபடமாகக் காட்டுவதே இதன் வேலை.

சரி, சிக்கல் எங்கே?

எல்லைக்கோட்டில். சென்னை மாநகராட்சி 2023-ல் காலநிலை செயல்திட்டம் வெளியிட்டது. அது 426 சதுர கி.மீ. மாநகராட்சிப் பரப்புக்கானது. 2011-ல் இணைந்த அம்பத்தூர் அதற்குள் வருகிறது. ஆவடி தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. ஏரிகளோ நீர்வளத்துறையின் கையில். ஆனால் ஆவடி, திருவேற்காடு பக்கம் கூவத்தில் சேரும் நீர்தான் சென்னைக்குள் ஓடி வருகிறது. தண்ணீருக்கு வார்டு எல்லை தெரியாது.

என்ன செய்யலாம்?

* ஆய்வு தொடங்கும் முன்பே பொறியாளர்களிடம் "உங்களுக்கு என்ன தகவல் வேண்டும்?" என்று கேட்பது.

* "இந்த அளவு மழை பெய்தால், ஏரி இந்த மட்டத்தைத் தொட்டால், இன்னார் இதைச் செய்ய வேண்டும்" என்று முன்கூட்டியே எழுதி வைப்பது.

* மழைநீர் வடிகால் டெண்டருக்கு முன்பே ஆய்வு முடிவைக் கொடுப்பது. கால்வாய் கட்டி முடித்தபின் வரும் அறிக்கையால் பலனில்லை.

* மூன்று உள்ளாட்சிகளும் நீர்வளத்துறையும் ஒரே வரைபடத்தைப் பார்த்து முடிவெடுப்பது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. இதையெல்லாம் பேசி முடிக்க வேண்டிய நேரம் கோடைக்காலம்தான்.