சூதைக் கழற்றும் கம்பி

ஒரு விளையாட்டு எப்போது சூதாகிறது? சாய்ந்த பலகையில் எஃகுப் பந்தை உருட்டி ஆடும் அமெரிக்கப் பின்பால் இயந்திரத்தின் வரலாறு இதற்கு நல்ல பாடம்.

இது சூதாட்டமே எனக் கருதி நியூயார்க் நகரம் 1942இல் விதித்த தடை 1976இல்தான் நீங்கியது. வென்றவர் பெறும் இலவச ஆட்டத்தையும் பரிசுப் பொருளாகவே சில மாநிலச் சட்டங்கள் கருதின. ஆகவே காட்லீப் நிறுவனம் 1960இல் ‘ஃப்ளிப்பர்’ இயந்திரத்தை வெளியிட்டது. அது இலவச ஆட்டத்திற்குப் பதிலாக அதே ஆட்டத்தில் கூடுதல் பந்தை அளித்தது.

ரிலேக்களால் இயங்கும் அப்பழைய இயந்திரங்கள் பலவற்றில் ஆட்டம் முடிந்ததும் ஓர் எண் ஒளிரும். மதிப்பெண்ணின் இறுதி இலக்கங்களோடு அது பொருந்தினால் இலவச ஆட்டம். இதில் திறமைக்கு இடமில்லை. காசு கொடுத்தவர் குருட்டு அதிர்ஷ்டத்தால் பெறும் இவ்வாதாயம், அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் விலக்கும் மைஸிரின் சாயலுடையது என்பதே நம் கருத்து.

பழம்பொருளை மாற்றலாகாது என்பர் சேகரிப்போர் சிலர். அந்த இணைப்புக் கம்பியைக் கழற்றுவதே மேல் என்போம் நாம். இயந்திரத்தை உடைக்கவும் வேண்டா. பழமையின் பெயரால் ஐயத்திற்குரியதைப் பேணவும் வேண்டா.

நம் பிள்ளைகளின் கைப்பேசி விளையாட்டுகளில் பணம் செலுத்தித் திறக்கும் மர்மப் பெட்டிகளிலும் அதே அதிர்ஷ்டமே ஒளிந்துள்ளது. அங்கே கழற்றுவதற்குக் கம்பி இல்லை. பெற்றோரின் விழிப்பே காவல். எதைக் கொடுத்து எதைப் பெறுகிறாய் எனப் பிள்ளைகளிடம் வினவுவோம். வல்ல அல்லாஹ் நம் ஓய்வையும் தூய்மையாக்குவானாக! ஆமீன்.