கடகம் வாங்கப் படியேறுவார் யார்?

சித்திரைப் புத்தாண்டன்று யாழ்ப்பாணத்து மானிப்பாய் மருதடி விநாயகருக்குத் தேர். திருவிழா நாளில் வீதியோரம் கடை போடுவதை எவரும் குற்றமாக எண்ணுவதில்லை. தேர் முடிந்த பிறகு பனையோலைக் கடகமும் சுளகும் விற்கிறவர் எங்கே குந்துவது என்பதுதான் கேள்வி. 'சந்தைக்குள் போகட்டும்' என்பது எளிய பதில். மரக்கறிக்கு அது பொருந்தும். வீட்டிலிருந்தே பையோடு புறப்படுகிற நாம் அதை எந்த மூலையிலும் தேடிப் பிடிப்போம். பிட்டு அவிக்கிற ஓலை நீத்துப்பெட்டி அப்படியல்ல. புதியது கண்ணில் பட்டால்தான் வீட்டிலுள்ளது இற்றுப்போனது நினைவுக்கு வரும். படாவிட்டால் அலுமினியக் குழலோடு இருந்துவிடுவோம். ஆகவே இதற்கு வியாபாரம் ஆட்கள் தரிக்கிற இடத்தில்தான்: பஸ் தரிப்பிடம், கிறீன் மெமோரியல் ஆஸ்பத்திரிப் பக்கம், கோயில் வாசல்.

ஒதுக்கிக் கட்டிய இடங்களின் கதை நமக்குத் தெரிந்ததே. சென்னைப் பாண்டி பஜாரின் நடைபாதை வியாபாரிகள் 2013இல் மாடிக் கட்டடமொன்றுக்குள் அனுப்பப்பட்டார்கள். சனம் மேலே ஏறுவதில்லை என்ற முறைப்பாடு உடனேயே எழுந்தது. கொழும்புப் புறக்கோட்டையில் 2014இல் திறந்த மிதக்கும் சந்தை பார்க்க அழகு, ஆனால் சில ஆண்டுகளிலேயே பல கடைகள் பூட்டிக் கிடந்தன. இந்தியா 2014இல் இயற்றிய தெரு வியாபாரிகள் சட்டம் இதைவிடப் புத்திசாலித்தனமானது: இடம் குறித்து ஆலோசனை சொல்லும் நகரக் குழுவில் குறைந்தது 40 வீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும்.

நடைபாதை நடப்பவருக்குத்தானே என்பார்கள். உண்மை, ஒடுங்கிய இடத்தில் ஒருவரையும் இருத்தக்கூடாது. ஆனால் ஓலைக்காரருக்கு அடுப்பில்லை, கழிவுநீரில்லை, ஒரு பாயின் அகலம் போதும். வாடகையும் வரியும் கட்டும் கடைக்காரர் கோபப்படுவதும் நியாயம்தான். அதற்கு நாட்கட்டணமும் பற்றுச்சீட்டும் இருக்கின்றன. இவற்றுக்கான உபவிதி இயற்றும் அதிகாரத்தைப் பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் கொடுத்திருக்கிறது. பின்னப் பழக்குவது பனை அபிவிருத்திச் சபையின் வேலை. பின்னியவரைச் சந்தியில் இருத்துவது மானிப்பாயிலுள்ள வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபையின் வேலை. கையால் செய்ததென்று சொல்லி பிளாஸ்ரிக் கூடை விற்பவரும் வருவார், சந்தேகமேயில்லை. அவரை விலக்க, ஓலையோடு வந்து அங்கேயே பின்னிக்கொண்டு விற்கச் சொன்னால் போதும். இடத்தை மட்டும் ஏலத்தில் விடக்கூடாது, குலுக்கலில் கொடுக்க வேண்டும். ஐஸ்கிறீம் வண்டிக்காரரோடு போட்டி போட்டு ஏலம் கேட்கக் கடகம் விற்பவரிடம் காசில்லை.