காயத்திலிருந்து திரும்புபவர் புது வீரர் அல்ல

நைட் டியூட்டியில் ரெண்டு மணிக்கு மேல கேஷுவாலிட்டி கொஞ்சம் அடங்கினா, சிஸ்டர் டீ போடுவாங்க. நான் ஃபோனை எடுத்து ரியல் மாட்ரிட் செய்தி பார்ப்பேன். பல வருஷப் பழக்கம். இந்த 2025 கோடையில் எங்கே திரும்பினாலும் ரசிகர்கள் ஒரே விஷயத்தைத்தான் சொல்றாங்க. மிலிடாவோ திரும்பிட்டார், கார்வஹால் திரும்பிட்டார், ரெண்டு புது வீரர் வாங்கின மாதிரி!

இல்லீங்க. அப்படி இல்லவே இல்லை. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதல்லயே சொல்லிடறேன், நான் எலும்பு மூட்டு நிபுணர் கிடையாது. எம்பிபிஎஸ் படிச்ச அரசு மருத்துவமனை டாக்டர். ஆனா முழங்கால் ஜவ்வு கிழிஞ்சு வர்றவங்களை முதல்ல பார்க்கிறது நாங்கதான். ஆபரேஷன் முடிஞ்ச பிறகு "இனிமே விளையாடலாமா டாக்டர்"னு கேட்டு வர்றதும் பெரும்பாலும் எங்க ஓபிக்குத்தான்.

ஒரு வருஷம் பின்னாடி போவோம். 2024 கோடை. மாட்ரிட் அப்போதான் வெம்ப்ளியில் டார்ட்மண்ட்டை 2-0 ஜெயிச்சு சாம்பியன்ஸ் லீக் எடுத்திருந்தது. எம்பாப்பே வந்தார், எண்ட்ரிக் வந்தார். க்ரூஸ் ஓய்வு பெற்றார். தடுப்பாட்டத்தில் நாச்சோ கிளம்பினார். நாச்சோவுக்குப் பதிலா யாரை வாங்கினாங்க? யாரையும் இல்லை. அலாபா குணமாகி வந்துடுவார்ங்கிறது கணக்கு.

அந்த அலாபாவுக்கு ஜவ்வு கிழிஞ்சது 2023 டிசம்பரில். திரும்பக் களம் இறங்கினது 2025 ஜனவரியில். பதிமூணு மாசம்! அதுக்கு மூணு மாசம் கழிச்சு, ஏப்ரலில், அதே இடது முழங்காலில் மெனிஸ்கஸ் கிழிசல்.

இதுக்கு நடுவில் என்ன ஆச்சு? 2024 அக்டோபர் 5, வில்லாரியல் மேட்ச். கார்வஹாலுக்கு ஏசிஎல் கிழிந்தது, கூடவே பக்கவாட்டு ஜவ்வும் முழங்காலுக்குப் பின்னால் உள்ள தசைநாணும் போச்சு. நவம்பர் 9, ஒசாசுனா மேட்ச். மிலிடாவோவுக்கு வலது முழங்காலில் ஏசிஎல், ரெண்டு மெனிஸ்கஸும் பாதிப்பு. ஸ்ட்ரெச்சரில் அழுதுகொண்டே போனார். அஞ்சே வாரத்தில் ரெண்டு பேர்.

மிச்ச சீசன் ஒட்டுப் போட்டே ஓடியது. அகாடமி பையன் அசென்சியோ, நடுக்களத்திலிருந்து பின்னால் இழுக்கப்பட்ட சுவாமெனி, வலது பக்கம் லூகாஸ் வாஸ்கெஸ், அவரும் இல்லைன்னா வால்வெர்டே. பார்சிலோனாவோட நாலு மேட்ச், நாலும் தோல்வி, வாங்கினது 16 கோல். ஆர்சனலிடம் மொத்தம் 5-1. கார்வஹாலும் மிலிடாவோவும் விழுந்தது துரதிர்ஷ்டம், அதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனா குணமாகாத ஒரு முழங்காலை கோடையிலேயே முழு வீரராக எண்ணினாங்களே, அது துரதிர்ஷ்டம் இல்லை.

இப்போ முழங்காலுக்கு வருவோம். நிறைய பேர் நினைக்கிறது, ஏசிஎல் ஆபரேஷன்னா கிழிஞ்ச ஜவ்வை தைக்கிறதுன்னு. பெரும்பாலும் தைக்கிறதில்லை. பின் தொடையிலிருந்தோ முழங்கால் சிப்பிக்குக் கீழிருந்தோ ஒரு தசைநாணை எடுத்து, எலும்பில் துளை போட்டு, பழைய ஜவ்வு இருந்த இடத்தில் பொருத்துவாங்க. அந்தத் துண்டு போன உடனே வேலை செய்யாது. அதுக்குள்ள புது ரத்தக் குழாய் வளரணும், புது செல்கள் குடியேறணும், மெதுவா அது தன்னை ஜவ்வா மாத்திக்கணும்.

இதில் ஒரு வினோதம். வெச்ச அன்னிக்கு இருந்த வலுவைவிட சில வாரம் கழிச்சு அந்தத் துண்டு பலவீனமா இருக்கும். அதே சமயத்தில்தான் நோயாளிக்கு வீக்கம் வடிஞ்சு, வலி குறைஞ்சு, "எனக்கு ஒண்ணுமே இல்லை டாக்டர்"னு தோணும். கால் சொல்றது ஒண்ணு, உள்ளே நடக்கிறது வேற.

2016இல் நார்வேயையும் அமெரிக்காவையும் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு. ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்பதாவது மாசம் வரை, விளையாட்டுக்குத் திரும்புறதை ஒவ்வொரு மாசம் தள்ளிப்போடும்போதும் அந்த முழங்கால் மறுபடி அடிபடும் விகிதம் சுமார் பாதியா குறைஞ்சுதாம். ஒவ்வொரு மாசத்துக்கும் பாதி! இதுக்கு ஈடா எங்ககிட்ட மருந்து கிடையாது.

இன்னொண்ணு, அடுத்த கால். மிலிடாவோவுக்கு 2023 ஆகஸ்ட்டில் முதலில் கிழிஞ்சது இடது முழங்கால், பதினஞ்சு மாசம் கழிச்சு வலது. கோல்கீப்பர் கூர்த்துவாவுக்கும் 2023 ஆகஸ்ட்டில் இடது பக்க ஏசிஎல். திரும்ப வரப் போற நேரத்தில், 2024 மார்ச்சில், பயிற்சியில் வலது முழங்கால் மெனிஸ்கஸ் போச்சு. அதனாலதான் இது வந்ததுன்னு யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அடிபட்ட காலைக் காப்பாத்த உடம்பு தெரியாமலே பாரத்தை மறு காலுக்கு மாத்தும். தொடைத் தசை ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமாகும் வரை விடக்கூடாதுன்னு பிசியோக்கள் கறாரா நிற்கிறது அதுக்காகத்தான்.

இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் மாட்ரிட் மட்டும் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. கல்லூரி டீமில் ஆடுற ஒரு தம்பி வந்தான், ஏசிஎல் ஆபரேஷன் முடிஞ்சு ஆறாவது மாசம். கூட அவனோட கோச். அடுத்த வாரம் செலக்‌ஷன், ஃபிட்னஸ் சர்டிபிகேட் வேணும். வீக்கம் இல்லை, வலி இல்லை, உட்கார்ந்து எழுந்து காட்டினான், அங்கேயே ரெண்டு குதி குதிச்சும் காட்டினான். வெளியே எழுபது எண்பது பேர் லைன்ல நிக்கிறாங்க. "சார், இதை விட்டா இந்தப் பையனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா போயிடும் சார்"னு கோச் சொன்னார். கையெழுத்துப் போட்டேன்.

மூணு வாரத்தில் அதே கால். இந்த முறை மெனிஸ்கஸும் சேர்ந்து. தம்பி என்னைத் திட்டலை. "நான்தானே சார் கேட்டேன்"னான். அவன் கேட்டது உண்மைதான். ஆனா கேட்கிறதுக்கு அவனுக்குக் காரணம் இருந்தது, வேண்டாம்னு சொல்றது என் வேலையா இருந்தது. தொடைத் தசையை அளந்துகூடப் பார்க்காம போட்ட கையெழுத்து அது. இப்பவும் அந்த மாதிரி சர்டிபிகேட் கேட்டு யார் வந்தாலும் முதல்ல ஆபரேஷன் தேதியைத்தான் பார்க்கிறேன். ஒன்பது மாசம் ஆகலைன்னா பேச்சே இல்லை. அதுக்காக வாங்கின திட்டு நிறைய.

சரி, இந்தக் கோடைக்கு வருவோம். மாட்ரிட் பாடம் படிச்சிருக்குன்னுதான் சொல்வேன். வலது பக்கத்துக்கு அலெக்சாண்டர்-ஆர்னால்ட். ஜூன் கடைசியில் ஒப்பந்தம் முடிஞ்சிருந்தா சும்மாவே வந்திருப்பார், ஒரு மாசம் முன்னாடி விடச் சொல்லி லிவர்பூலுக்குப் பணம் கொடுத்தாங்க. நடுத் தடுப்புக்கு பார்ன்மத்திலிருந்து ஹுய்சன், இடது பக்கத்துக்கு பென்ஃபிகாவிலிருந்து கரேராஸ். தடுப்பாட்டத்துக்கு மட்டும் மூணு பேர். "கார்வஹால் இருக்கும்போது எதுக்கு இன்னொரு ரைட் பேக்"னு என் ஃப்ரெண்ட் கேட்டான். கார்வஹால் அவசரப்படாம இருக்கத்தாண்டா! அந்த இடத்தில் ஆள் இல்லைன்னா 33 வயசு முழங்காலை வாரம் ரெண்டு மேட்ச் ஓடச் சொல்வாங்க. கோச்சும் கேட்பார், ரசிகனும் கேட்பான், அவரே கூட கேட்பார்.

பெல்லிங்ஹாம் விஷயமும் அதேதான். 2023 நவம்பரில் தோள்பட்டை நழுவினதிலிருந்து பட்டை போட்டுக்கொண்டே ஆடினார். இந்த ஜூலையில்தான் ஆபரேஷன். சீசன் தொடக்கத்தில் சில வாரம் இருக்க மாட்டார்னு அவ்வளவு புலம்பல். எனக்கு சந்தோஷம்தான். ஒன்றரை வருஷம் லேட்.

போன வருஷம் அந்த கிளப் செய்த ஒரு நல்ல காரியத்தை யாரும் பேசுறதில்லை. கார்வஹால் விழுந்த மறுநாள், ஆபரேஷனுக்கு முன்னாடியே, ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டிச்சாங்க. இடம் போயிடும்ங்கிற பயம் இல்லாத ஆள் ஒன்பது மாசம் உட்காருவான். கார்வஹாலும் ஜூலையில்தான், கிளப் உலகக் கோப்பையில் திரும்பினார். என்கிட்ட வந்த தம்பிக்கும் செலக்‌ஷனை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைக்க யாராவது இருந்திருந்தா, அவன் அந்த சர்டிபிகேட்டே கேட்டிருக்க மாட்டான்.

செவ்வாய் நள்ளிரவு முதல் லீக் மேட்ச். எதிரணி ஒசாசுனா, மிலிடாவோ விழுந்த அதே பெர்னாபு மைதானம். அன்னிக்கு எனக்கு டியூட்டி இல்லை.