பெயரில் பொருள் உண்டு, ஆய்வகத்தில் இல்லை

அனுப்புநர்: ஐஓடி பிரிவில் எம்.இ., எம்.டெக். பயில்வோர் சங்கம்.

பெறுநர்: செயலாளர், உயர்கல்வித் துறை, தலைமைச் செயலகம், சென்னை; இயக்குநர், தொழில்நுட்பக் கல்வி இயக்ககம், கிண்டி, சென்னை.

பொருள்: 'பொருள்களின் இணையம்' (ஐஓடி) முதுநிலைப் படிப்பு – ஆய்வகம், களப்பணி, உதவித்தொகை, பட்டத்தின் இணைத்தன்மை – கோரிக்கை – சார்பு.

பெருமதிப்பிற்குரியீர்,

1982 வாக்கில் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகக் கணினித் துறையில் சிலருக்கு ஒரு தொல்லை இருந்தது. கோக் இயந்திரம் மூன்றாம் மாடியில். வேலையை விட்டுவிட்டு அங்கே போனால் சில நாள் பாட்டில் இருக்காது; இருந்தாலும் அப்போதுதான் நிரப்பியிருப்பார்கள், குளிர்ந்திருக்காது. இயந்திரத்தின் விளக்குகளிலிருந்து கம்பி இழுத்துத் துறைக் கணினியில் சேர்த்தார்கள். எந்த வரிசையில் சரக்கு இருக்கிறது, வைத்து மூன்று மணி நேரம் ஆகிவிட்டதா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டார்கள். கெவின் ஆஷ்டன் 1999-இல் 'இன்டர்நெட் ஆஃப் திங்ஸ்' என்று பெயர் வைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பு நடந்தது இது. 1991-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் காபிக் குடுவையைக் கேமரா வைத்துக் கண்காணித்த கதையும் இதே ரகம். இன்று ஐஓடி வகுப்பின் முதல் நாளிலேயே இரண்டையும் சொல்லிவிடுகிறார்கள். சோம்பலில் பிறந்த துறை என்று மாணவர்கள் சிரிப்பதும் உண்டு.

அந்த வேலை நடக்கக் கைக்கெட்டும் தூரத்தில் ஓர் இயந்திரமும், நேரங்கெட்ட நேரத்திலும் திறந்திருக்கும் ஓர் ஆய்வகமும் இருந்தன. இங்கே முதுநிலை மாணவர்கள் கேட்பதும் ஏறக்குறைய அதையேதான். பல கல்லூரிகளில் ஆய்வகம் மாலை 4 மணிக்குப் பூட்டப்படுகிறது. சோதனைப் பலகைகள் பீரோவில் எண் ஒட்டி வைக்கப்பட்டு, ஆய்வுக்குழு வரும் நாளில் மேசைக்கு வருகின்றன. மற்ற நாள்களில் சிமுலேட்டர் ஓடுகிறது.

சிமுலேட்டரை இழிவாகச் சொல்வதாக எண்ண வேண்டாம். நிரலைச் சரிபார்க்க அது போதும். எங்கே போதாது என்பதற்கு ஒரு சோதனையை விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சோதனைப் பலகையில் உள்ள ஈஎஸ்பி32 சில்லு வைஃபையோடு விழித்தே இருந்து சராசரியாக 80 மில்லிஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். 2,000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி 25 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 'டீப் ஸ்லீப்' நிலையில் சில்லுக்கு 10 மைக்ரோஆம்பியர் அளவே போதும் என்கிறது டேட்டாஷீட். அந்தக் கணக்கில் பேட்டரி ஆண்டுக்கணக்கில் வரவேண்டும். பதில்தாளில் அப்படி எழுதினால் முழு மதிப்பெண். ஆனால் பலகையை உறங்க வைத்துவிட்டு மல்டிமீட்டரைத் தொடராக இணைத்துப் பார்த்தால் திரையில் வருவது சில மில்லிஆம்பியர். சில்லு தூங்கிவிட்டது. அதே பலகையில் இருக்கும் வோல்டேஜ் ரெகுலேட்டரும், யுஎஸ்பி சில்லும், மினுக்கென்று எரியும் சிவப்பு எல்இடியும் தூங்கவில்லை. 5 மில்லிஆம்பியர் என்று எடுத்தாலும் 400 மணி நேரம். பதினேழு நாளில் கதை முடிந்தது. அந்த எல்இடியைச் சாலிடரிங் அயர்ன் வைத்து எடுத்துப் போடும்போதுதான் மாணவருக்கு மின்சாரச் சிக்கனம் என்ற பாடம் புரிகிறது.

ஆகவே முதல் கோரிக்கை: ஐஓடி ஆய்வகங்கள் இரவு 9 மணி வரை திறந்திருக்க வேண்டும், இருவருக்கு ஒரு பலகை, மைக்ரோஆம்பியரை அளக்கும் மீட்டர், சாலிடரிங் மேசை ஆகியவை கட்டாயம் என்று அங்கீகார விதிகளில் சேர்க்க வேண்டும். பலகை பெரிய செலவில்லை. சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதனால்தானோ என்னவோ, அதையும் ஜம்பர் வயரையும் சென்சாரையும் மாணவர்கள் சொந்தக் காசில் வாங்குவதே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு செமஸ்டருக்கும் நுகர்பொருள் நிதி என்று ஒரு தொகை ஒதுக்கி, ரசீதைக் காட்டினால் பணம் தரும் ஏற்பாடு வேண்டும்.

அடுத்தது களம். தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்தபடி கைப்பேசியில் ஓட்டும் 'மொபைல் ஸ்டார்ட்டர்' கொங்குப் பகுதி விவசாயிகளுக்குப் புதிதல்ல. மும்முனை மின்சாரம் வந்துவிட்டதா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று அந்தப் பெட்டி சொல்லிவிடும். ஐஓடி என்ற சொல்லே அவர்களுக்குத் தேவைப்படவில்லை. எம்.இ. மாணவரோ இரண்டு செமஸ்டர் ப்ராஜெக்டையும் விடுதி ஜன்னலோரம் ஒரு பூந்தொட்டியின் ஈரப்பதத்தை அளந்தே முடிக்கிறார். அதற்குச் சோம்பல் காரணமில்லை. ஏரிக்கரையில் ஒரு நீர்மட்ட சென்சாரை நட வேண்டுமென்றால் யாரிடம் அனுமதி கேட்பது என்று துறைத் தலைவருக்கும் தெரிவதில்லை. கடிதம் மேசை மேசையாகப் போய்த் திரும்பி வருவதற்குள் மதிப்பீட்டு நாள் வந்துவிடுகிறது.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டமும் திறப்பும் சென்னையில் டீக்கடைப் பேச்சாகிவிட்டன. அதன் முழு மட்டமான 24 அடி என்ற எண் இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்த ஏரியைச் சுற்றிலும் சிறு ஏரிகள் நிறைய; அவற்றின் மட்டத்தை யார் அன்றாடம் சொல்கிறார்கள்? லோரா போன்ற குறைமின் வானொலிக்கு 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்தலாம். திறந்த வெளியில் சில கிலோமீட்டர் தூரம் அது எட்டும்; சிம் கார்டு வேண்டாம், மாதக் கட்டணம் வேண்டாம். நீர்வளத் துறையும் வேளாண் பொறியியல் துறையும் ஆண்டுதோறும் சில இடங்களை மாணவர் ப்ராஜெக்டுகளுக்கென ஒதுக்கி, முப்பது நாளுக்குள் அனுமதி வழங்க ஒரு பொது ஆணை பிறப்பிக்க வேண்டுமெனச் சங்கம் கேட்டுக்கொள்கிறது. வைத்த கருவி பழுதானால் மாணவரே பொறுப்பு. அதை எழுதிக் கொடுக்கவும் தயார்.

பாதுகாப்புப் பாடம் பற்றிச் சுருக்கமாக. 2016-இல் 'மிராய்' என்ற நச்சுநிரல் வீட்டுக் கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்துப் படையாகத் திரட்டியது. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால், அறுபதுக்கு மேற்பட்ட பெயர்–பாஸ்வேர்டு சோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்ப்பதே அதற்குப் போதுமாக இருந்தது. அந்த அக்டோபரில் அத்தகைய படையால் டைன் நிறுவனத்தின் டொமைன் பெயர்ச் சேவை தாக்கப்பட்டு, பெரிய இணையதளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கின. ஐஓடி பாதுகாப்பு எங்கெல்லாம் விருப்பப் பாடமாக இருக்கிறதோ அங்கெல்லாம் கட்டாயமாக்க வேண்டும்.

இனி பணம். கேட் மதிப்பெண்ணோடு எம்.இ. சேருவோருக்கு ஏஐசிடிஇ மாதம் 12,400 ரூபாய் தருகிறது. கேட் தேர்வில் ஐஓடிக்கெனத் தனித்தாள் கிடையாது. கணினி அறிவியல், மின்னணுவியல் போன்ற வேறு தாள் ஒன்றை எழுதித்தான் வரவேண்டும். தரவு அறிவியலுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் 2024-இல் தனித்தாள் வந்துவிட்டது. 2023 முதல் நடக்கும் மாநில நுழைவுத் தேர்வான சீட்டா வழியாகச் சேருவோருக்கு அந்த உதவித்தொகை இல்லை. ஒரே பெஞ்சில் இருவர்: ஒருவருக்கு மாதாமாதம் பணம், மற்றவர் வார இறுதியில் டியூஷன் எடுத்துச் சாப்பாட்டுச் செலவைப் பார்க்கிறார். ஆய்வகம் 9 மணி வரை திறந்திருந்தாலும் அவரால் இருக்க முடியாது. அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் சீட்டா வழியாகச் சேர்ந்தோருக்கு மாநில அரசே உதவித்தொகை வழங்க வேண்டும். கேட் தனித்தாள் குறித்துத் தேர்வை நடத்தும் ஐஐடிகளுக்கு அரசு பரிந்துரைக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னாலும் பெற்றோர் முதலில் கேட்பது இணைத்தன்மை பற்றித்தான். உதவிப் பேராசிரியர் பணிக்கோ பிற அரசுப் பணிக்கோ விண்ணப்பிக்கும்போது, எந்தப் பட்டம் எதற்கு இணை என்ற அரசாணையைத் தேடித் திரிவது தமிழ்நாட்டில் பட்டதாரிகளின் பழைய பாடு. ஐஓடி பட்டம் கணினியா, மின்னணுவா, இரண்டுமா என்பதைத் தெளிவாகச் சொல்லும் அரசாணை, மாணவர் சேர்க்கை விவரக் கையேட்டிலேயே அச்சாக வேண்டும். படித்து முடித்தபின் வரும் விளக்கத்தால் பயனில்லை.

இவை குறித்து நேரில் விளக்கச் சங்கத்தின் பிரதிநிதிகள் மூவருக்கு நேரம் ஒதுக்குமாறு வேண்டுகிறோம். எல்இடி எடுத்த பலகை ஒன்றும் எடுக்காதது ஒன்றும் அன்று உடன் வரும். பிளக் பாயிண்ட் தேவைப்படாது, இரண்டும் பேட்டரியில் ஓடும்.

இப்படிக்கு,
சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர்