வள்ளியம்மாள் பேரன் தன் பெயரைச் சொன்னால் உங்களுக்கு ஏன் உறுத்துகிறது?

அறிவின் ‘வள்ளியம்மா பேராண்டி’ 2024-இல் வெளிவந்தபோது என் நண்பர்கள் வட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. “கூட்டாகப் பாடியவன் தனியாகப் போய்விட்டான். இயக்கம் ஏணி, அவன் ஏறிவிட்டான்.” சொன்னவர்கள் சங்கிகள் அல்ல. அம்பேத்கர் படம் போட்ட சட்டை அணிந்து திரியும் முற்போக்குத் தோழர்கள்தான். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வரலாறு. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 2017-இல் உருவாக்கியது ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதியற்ற தமிழர்’ என்ற கருத்திலிருந்து பிறந்த பெயர் அது. 2018 சனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் கானாவும் ராப்பும் ராக் கிட்டாரும் பறையும் ஒரே மேடையில் முழங்கின. இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாட்டாகக் கேட்டு ஒரு தலைமுறையே நிமிர்ந்தது. அந்தக் குழுவில் ஒருவராக அறியப்பட்டவர்தான் அரக்கோணத்து அறிவு. குழுவின் சாதனையை யாரும் குறைக்க முடியாது. அதற்காக, அதில் இருந்தவர்கள் ஆயுளுக்கும் அதிலேயே இருக்க வேண்டும் என்று விதி ஏதாவது உண்டா?

2021 மார்ச்சில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலகம் சுற்றியது. அதே ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவு இல்லை. ரஞ்சித் உள்ளிட்ட பலர் கேள்வி கேட்ட பிறகே அறிவுக்கு இன்னொரு அட்டை வந்தது. 2022 சூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் அந்தப் பாட்டு அரங்கேறியது. அவர் தன் உழைப்பைப் பற்றிப் பொதுவெளியில் எழுத வேண்டியதாயிற்று. உரிய இடம் தரப்பட்டது என்றும் வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றும் சந்தோஷ் நாராயணன் தரப்பு பதில் சொன்னது. 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சந்தோஷே சொன்னார்.

மூவரில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்பதல்ல என் கேள்வி. ஒரு பாட்டு ‘எல்லோருக்கும் பொது’ ஆகும்போது முதலில் உதிர்கிற பெயர் ஏன் எப்போதும் நம்முடையதாகவே இருக்கிறது?

நான் திற்பரப்புக்காரன். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு திருவிழா நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். தலைவர், செயலாளர், நன்கொடையாளர், கச்சேரி பாடுகிறவர் என்று அத்தனை பேருக்கும் பெயர் உண்டு, பட்டம் உண்டு. மேளம் அடிக்கிறவர்களுக்கு? ‘நையாண்டி மேளம்’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். விடிய விடிய அடித்தவருக்குப் பெயரே கிடையாது. 1936-இல் திருவிதாங்கூர் அரசு கோயில் கதவைத் திறந்துவிட்டது. நோட்டீஸின் கதவு இன்னும் சாத்தித்தான் கிடக்கிறது.

அதனால்தான் ‘வள்ளியம்மா பேராண்டி’ என்ற தலைப்பே எனக்கு ஒரு போராட்டமாகத் தெரிகிறது. வள்ளியம்மாள் அறிவின் பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமில்லாதவராகத் தமிழ்நாடு திரும்பியவர். 1964-இன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மனிதர்களை இந்தியாவின் பங்கு என்று கணக்குப் போட்டது. எங்கள் மலையடிவாரத்துக்கு இது அயலூர்க் கதை அல்ல. அப்படித் திரும்பியவர்களின் குடும்பங்கள் எங்கள் மாவட்டத்து அரசு ரப்பர் கழகத் தோட்டங்களிலும் வேலை செய்கின்றன. இருட்டோடு எழுந்து பால் வெட்டுகிறவரின் பெயர் எந்த டயரிலும் இருக்காது. அப்படிப்பட்ட ஒரு கூலிக்காரப் பாட்டியின் பெயரை வம்சப் பெயராக முன்னால் போட்டுக்கொள்கிறான் பேரன். சாதிப் பட்டத்தைப் பெயரின் வாலில் தொங்கவிடும் நாட்டில் இது தற்பெருமையா, பதிலடியா?

‘தனியாக’ என்பதும் பாதி உண்மைதான். இன்று அவர் ‘அம்பாசா’ என்ற இசைக்குழுவோடுதான் வருகிறார். மாறியது என்னவென்றால், முன்வரிசையில் யார் பெயர் என்பது.

உலகத்திலும் இது புதிதல்ல. ‘தி வெய்லர்ஸ்’ குழு ‘பாப் மார்லி அண்டு தி வெய்லர்ஸ்’ ஆன காலத்தில், 1974-இல், பீட்டர் டோஷ் வெளியேறினார். 1976-இல் முதல் தனி ஆல்பம். அடுத்த ஆண்டு வந்த ஆல்பத்துக்கு அவர் வைத்த பெயர் ‘ஈக்வல் ரைட்ஸ்’, சம உரிமை. குழுவை விட்டதால் கொள்கையை விட்டாரா? 1970-இல் பீட்டில்ஸ் உடைந்து நான்கு பேரும் தனித்தனி ஆல்பம் போட்டதைக் கலை வளர்ச்சி என்று எழுதுகிறோம். தலித் கலைஞர் போட்டால் மட்டும் துரோகமா?

உண்மை இதுதான் தோழர்களே. தலித் கலைஞர் நமக்கு முழக்கமாக வேண்டும், கூட்டத்துக்கு முன்னால் பறையடிக்க வேண்டும். காதல் பாடினால் நீர்த்துப்போய்விட்டார் என்போம், சம்பளம் கேட்டால் விலைபோய்விட்டார் என்போம். ஊர் அவரிடம் இலவசமாகக் கேட்டது அடிமை வேலை. நாம் இலவசமாகக் கேட்பதற்குப் பெயர் மட்டும் தியாகமா?

கூட்டு என்பது பெயர்களைக் கரைக்கும் பானை அல்ல. ஒவ்வொருவரும் தன் பெயரோடு நிற்க முடிகிற இடம்தான் சாதியற்ற கூட்டு. அடுத்த முறை உங்கள் கல்லூரியில், உங்கள் இயக்க மேடையில் பறை ஒலிக்கும்போது மூன்று காரியம் செய்யுங்கள். அடிக்கிறவரின் பெயரை நோட்டீஸில் அச்சிடுங்கள். மேடையில் அதை உரக்கச் சொல்லுங்கள். பேசிய பணத்தை இறங்கும் முன் கையில் கொடுங்கள். அதற்குப் பிறகு அறிவு தனியாகப் போனதைப் பற்றிப் பேசலாம்.